வேம்பைத் தாரை வார்த்த தெரு

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். வாசலுக்கு எதிரே சுண்ணாம்புக் காளவாசலும், வீட்டுக்குள் நெஞ்சில் இழுப்போடு ஒரு பெண்பிள்ளையும் இருந்தால் எவள்தான் வாயை மூடிக்கொண்டு குடித்தனம் பண்ணுவாள்? வாயைத் திறந்தாலும் சுண்ணாம்புதான் உள்ளே போகும், அது வேறு விஷயம்.

வடமதுரையைத் தாண்டி, திருச்சி ரோட்டிலிருந்து கிளை பிரியும் வண்டிப்பாதையில் எங்கள் தெரு. ஒற்றைத் தெருதான். பின்பக்கம் ரயில் தண்டவாளம். முன்பக்கம், மேற்கே, ஆவுடையப்பன் முதலாளியின் காளவாசல். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த இடத்தில் சோளம் விளைந்தது. பிறகு முதலாளி வந்தார், பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து கல் வந்தது, சூளை எழுந்தது, சுட்ட கல்லை மாவாக்க அரவை மெஷினும் வந்து சேர்ந்தது. ஆனி பிறந்து மேல்காற்று எடுத்துவிட்டால் அந்த மாவு முழுக்க எங்களுக்குத்தான். கூரையில் வெள்ளை, எருமை முதுகில் வெள்ளை, ஆக்கி வைத்த வெஞ்சனத்தில் வெள்ளை. காயப்போட்ட சேலையை உதறினால் அடுத்த வீட்டுக்காரி இருமுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீட்டுக்காரர் ஒச்சப்பன் அதே காளவாசலில்தான் மேஸ்திரி. தெருவில் பாதி ஆம்பளைகளுக்கு அங்கேதான் பிழைப்பு. திட்டுவதும் அதைத்தான், தின்பதும் அதைத்தான்.

என் மகள் பேச்சாயிக்கு அப்போது ஏழு வயது. மேல்காற்று வந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். மூச்சுக்கு மூச்சு நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வரும், தொண்டையில் விசில் சத்தம் கேட்கும். பார்க்கிறவளுக்கு உயிர் போய் உயிர் வரும். திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பேகம்பூரில் கம்பவுண்டர் நைனா முகமது கைராசிக்காரர். ஒரு தடவை அவர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குழாயை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"தாயீ, எங்கிட்ட மருந்து இருக்கு. காத்து இல்ல. புள்ளைய அந்தத் தூசிய விட்டு வெளிய கொண்டு போம்மா. இன்னும் நாலஞ்சு மேல்காத்து அடிச்சா இந்த நெஞ்சு தாங்காது."

எங்கே கொண்டு போவது? ரெட்டியார்சத்திரத்தில் என் அண்ணன் வீட்டில் விட்டுப் பார்த்தேன். இழுப்பு நின்றது உண்மைதான். ஆனால் சோறும் இறங்கவில்லை. அம்மா அம்மா என்று அழுது துரும்பாய்ப் போனவளை, "எங்க பேருக்குப் பழி வேணாம்" என்று மதினி கொண்டுவந்து விட்டுவிட்டாள். நாங்களே குடும்பத்தோடு கிளம்பலாம் என்றால் வீட்டையும் துண்டு நிலத்தையும் விற்க வேண்டும். சுண்ணாம்பு படிந்த காட்டை எந்தக் கிறுக்கன் வாங்குவான்? முன்னால் காளவாசல், பின்னால் ரயில், நடுவில் நாங்கள். அசைய முடியாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தெருவையே கிளப்பிவிட்டேன். மதுரைக் கலெக்டருக்கு மனுப் போனது. விசாரிக்க வந்தவர் பாக்கியராஜ் என்று ஒரு சுகாதார அதிகாரி. நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை ஏசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன், அதற்கும் வழியில்லை. வீடு வீடாக வந்தார், ஆட்டுக்கல்லைத் தடவி விரலைப் பார்த்தார், பேச்சாயியின் தலையைத் தடவினார். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"காளவாசலுக்கும் தெருவுக்கும் நடுவுல பச்சை மரமா ஒரு வேலி எழும்பணும். மூணு வருசம் தவணை. மரம் பிழைச்சுத் தூசியை மறிச்சா காளவாசல் இங்கேயே இருக்கலாம். மரம் பிழைக்கலைன்னா, மனுசன் மட்டும் எப்படிப் பிழைப்பான்? காளவாசலைக் கரட்டுக்கு அந்தப் பக்கம் மாத்திரணும்."

முதலாளி தலையை ஆட்டினார். அதிகாரியின் ஜீப் மறைந்ததும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எங்கள் மாமனார் தோப்புக் காவல் பார்த்தவர் என்பதால் இவருக்கு மரம் செடி பற்றித் தெரியும்.

"ஏலே ஒச்சப்பா, இந்தத் தூசிய தாங்குற மரமாப் பாத்து நீயே நடு."

அன்று சாயங்காலம் அவர் களியில் கை வைப்பதற்கு முன்னாலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். "தாங்குற மரமா நட்டீகன்னா காளவாசல் நமக்கு எதுக்கவே நெலச்சு நின்னுக்கிரும். தாங்காத மரமாப் பாத்து நடுங்க. மரம் சாகட்டும், நம்ம புள்ள பொழைக்கட்டும்."

"ஏ புள்ள, சோறு போடுற மனுசருக்கு..."

"கரட்டுக்கு அந்தாண்ட போனா சோறு போட மாட்டாரா? செத்த நேரம் கூட நடந்து போனா கால் தேஞ்சா போகும்?"

அவர் மூலையில் தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்த பேச்சாயியைப் பார்த்தார். அன்றைக்கும் விசில் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் போய் முதலாளியிடம் தேக்கு என்று சொல்லிவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். தேக்கு என்றதும் முதலாளிக்கு வாயெல்லாம் பல். வேலிக்கு வேலி, பின்னால் வீடு கட்ட மரத்துக்கு மரம். ஆனால் தேக்கிலை சொரசொரவென்று இருக்கும், தட்டு மாதிரி அகலம் வேறு. விழுந்த மாவை விடாது. பனி ஈரத்தில் அந்த மாவு பூசினாற்போல இறுகிவிடும். கன்றுகள் வரிசையாக வெள்ளையடித்துக்கொண்டு நின்றன, அடுத்த மேல்காற்று முடிவதற்குள் வரிசையாகவே பட்டுப்போயின. நாங்கள் துக்க வீட்டுக்காரர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம். "அடடா, ராசா மாதிரி வந்துச்சே, போயிருச்சே" என்று என் கொழுந்தன் உடையப்பன் முதலாளி காதுபட அங்கலாய்த்தான். வீட்டுக்குள் வந்து எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்குக் கண்ணீரே வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும், என் பிள்ளை பிழைத்துவிடும்.

முதலாளி ஒரு பட்ட கன்றின் இலையைக் கிள்ளி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கோபப்படவில்லை, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

"மரம் தூசிய மட்டும் தாங்குனாப் போதாதுலே ஒச்சப்பா, மனுசனயும் தாங்கணும். அடுத்த மரத்த நானே பாத்துக்கிறேன்" என்றார்.

ஐப்பசி மழை பிடித்ததும் வண்டி வண்டியாக வந்து இறங்கியது. கை கனத்துக்கு வெட்டிய அரசம் போத்துகள். கிளையை வெட்டி அப்படியே ஊன்றினால் துளிர்க்குமே, அதைத்தான் போத்து என்போம். கூடவே வேரோடும் மண்ணோடும் தோண்டி எடுத்த ஆளுயர வேப்பங்கன்றுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ஒரு குழி. குழியில் அரசும் வேம்பும் ஒட்டி ஒட்டி, ஜோடியாக. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "புள்ள, இது சாகாது" என்றார். எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாகாத மரத்தைச் சாகடிக்கவா வழியில்லை? அடுப்படியில் உப்பு இருக்கிறது, கொதிதண்ணீர் இருக்கிறது.

தை பிறந்தது. துளிரும் விட்டது. முதலாளி தெருவுக்குள் நடந்து வந்தார், அதுவும் செருப்பில்லாமல். வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கு வைத்தார். அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணமாம். ஒரு ஜோடிக்கு அல்ல, வரிசை முழுக்க. அரசு மாப்பிள்ளை, முதலாளி வீட்டுப் பிள்ளை. வேம்பு பெண், அந்தந்த வேம்புக்கு எதிர்வீடுதான் பெண்வீடு.

"நீங்க பொண்ணு குடுக்குறீக, நான் பொண்ணு எடுக்குறேன். இன்னைல இருந்து நம்ம சம்பந்தக்காரக" என்றார்.

எங்கள் ஆட்கள் மயங்கிப் போனார்கள். நேற்றுவரை "ஏலே" என்று கூப்பிட்ட வாய் இன்று சம்பந்தி என்கிறது. போதாக்குறைக்கு, வேம்பைத் தாரை வார்த்துக் கொடுக்கிற புருஷன் பெண்டாட்டிக்குக் குழந்தை பிறக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான். என் ஓரகத்தி கருப்பாயி, உடையப்பனின் பெண்டாட்டி, கல்யாணமாகி இத்தனை வருஷமாக வயிறு திறக்காதவள், ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நம்ம வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் மணையில உக்காந்துக்கிறோம்க்கா. நீ வேணாம்னு மட்டும் சொல்லிராத."

எனக்கு வாய் அதிகம்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மேளமும் நாயனமும் வந்தன. ஐயர் வந்தார். அரசுக்கு வேட்டி, வேம்புக்கு மஞ்சள் சேலை. கருப்பாயி தண்ணீர் விட, உடையப்பன் வேப்பங்கிளையைப் பிடித்துத் தாரை வார்த்தான். தாலி ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள், நானும்தான் போட்டேன். பந்தியில் உட்கார்ந்தேன். முதலாளியே கரண்டியோடு வந்து, "சம்பந்தியம்மா, இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று ஊற்றினார்.

அந்தப் பாயசம் வாயில் இருக்கும்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. அடப்பாவி! தாலி ஏறிய பெண்ணின் காலில் கொதிதண்ணீர் ஊற்ற எந்தத் தாய்க்குக் கை வரும்? சாகாத மரத்தை அவர் தேடவில்லை. நாங்கள் சாகடிக்க முடியாத மரத்தை எங்கள் கையாலேயே நட வைத்துவிட்டார். நான் எச்சில் இலையோடு எழுந்து போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் புது வேட்டியும் சந்தனப் பொட்டுமாக நின்றுகொண்டு, "நல்ல நாளும் அதுவுமா வாய மூடு" என்றார்.

அதற்குப் பிறகு தெருவே மாறிப்போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கசப்பு, அதை ஊற்றினால் வேம்பு வாடுகிறதாம். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். கருப்பாயி விடிந்ததும் குளித்த ஈரத்தோடு போய் வந்து, ஊற்றி, சுற்றி, கும்பிட்டு, பிறகுதான் பல்லில் பச்சைத் தண்ணீர் பட விடுவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி ஒருத்தி செய்ய மாட்டாள்.

மரங்கள் ஏன் வளராது? மளமளவென்று வந்தன. அதிலும் அரசு இருக்கிறதே, அந்த இலைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காற்றே இல்லாவிட்டாலும் காம்பில் நின்று ஆடிக்கொண்டே இருக்கும். விழுந்த தூசியைத் தானே உதறிவிடும். நான் வாசலில் நின்று பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். ஒவ்வொரு துளிரும் காளவாசலை இன்னும் ஆழமாக ஊன்றி வைக்கிறதே!

மூன்றாம் வருஷத்து மேல்காற்று எடுத்தது. ஆடியில் பாக்கியராஜ் ஐயா வருவதாகத் தகவல் வந்தது. நான் துணிந்துவிட்டேன். சாமி கண்ணைக் குத்தினால் என் கண்ணைக் குத்தட்டும், என் பிள்ளை மூச்சு விட்டால் போதும். ஒரு மத்தியானம், ஆம்பளைகள் சூளையிலும் கருப்பாயி களையெடுப்பிலும் இருந்த நேரத்தில், ஒரு பானைத் தண்ணீரில் உப்பைக் கொட்டித் தளதளவென்று கொதிக்கவைத்து, துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

மரத்தடியில் பேச்சாயி படுத்திருந்தாள். வீட்டுக்குள் இருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்! பாவாடையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு அசந்து தூங்குகிறாள். மேல்காற்று வாங்கு வாங்கென்று வாங்குகிறது. அந்தண்டை ரோடு தெரியவில்லை, அவ்வளவு மாவு பறக்கிறது. பானையை இறக்கி வைத்துவிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்தேன். விசில் இல்லை. நெஞ்சுக்குழி உள்ளே போகவில்லை. மேலே இலைகள் சலசலவென்று அடித்துக்கொள்ள, கீழே என் மகள் மற்ற பிள்ளைகள் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பானையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கவிழ்த்தேன்.

அதற்காக அவளுக்குக் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மரத்தடியில் மட்டும்தான் அந்த மூச்சு. வரிசையைத் தாண்டி, தலைக்கு மேலே பறந்து வருகிற மாவு வீட்டுக்குள் இறங்கத்தான் செய்தது. வீட்டுக்குள் கால் வைத்தால் இழுப்பு வந்துவிடும். பேகம்பூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நைனா முகமது நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்.

"நெழல்ல வெச்சிருக்கீகளே, அது நல்லது. ஆனா உள்ள உள்ளது உள்ளபடியே இருக்கு தாயீ. நான் மொதல்ல சொன்னதுதான், தூசிய விட்டு வெளிய போகணும். நாள் ஓடிக்கிட்டு இருக்கு."

சரி, மரத்தைக் கொல்ல முடியவில்லை, உண்மையைச் சொல்லலாமே என்று தெருவில் ஒவ்வொருத்தரிடமும் போனேன். அதிகாரி கேட்டால் தூசி குறையவில்லை என்று சொல்லுங்கள், அது பொய்யில்லையே என்றேன். மூக்காயி என்று பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு முன்னால் மனுவுக்கு ஊரெல்லாம் நடந்தவள், மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏத்தா, கட்டிக் குடுத்த பொண்ணு புகுந்த வீட்டுல ஒண்ணுத்துக்கும் ஒதவலைனு பெத்தவகளே சொல்றதா? நல்லாருக்குடி நீ சொல்றது!"

ஆடியில் ஜீப் வந்தது. பாக்கியராஜ் ஐயாவுக்கு நம் சாமி பழக்கமில்லை, இருந்தாலும் எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்து ஷூவைக் கழற்றிவிட்டு மரத்தடிக்கு வந்தார். முதலாளி அரவையை நிறுத்தக்கூட இல்லை. அவ்வளவு தைரியம்.

"மரம் எப்படிம்மா இப்படி வந்துச்சு?" என்று அதிகாரி ஆச்சரியப்பட்டார்.

"எங்க பொண்ணுகய்யா" என்றாள் மூக்காயி பெருமையாக.

"தூசி குறைஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கய்யா" என்று தெருவே சொன்னது. கருப்பாயி கூட்டத்துக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வேம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நான் என்ன சொல்வது?

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "ஐயா, எல்லாம் பொய். வீட்டுக்குள்ள வந்து பாருங்க. எம்மகளுக்கு இழுப்பு நிக்கலய்யா."

"எங்கம்மா உங்க மக?"

அவள் எங்கே இருப்பாள்? அரசமரத்தடியில்தான் இருந்தாள். அதிகாரி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, உனக்கு மூச்சு முட்டுதா?"

பேச்சாயி என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். பெரிய மனிதர் ஒருத்தர் தன்னிடம் கேட்கிறார் என்று முகமெல்லாம் மலர்ந்தது. "இல்ல சார். இங்கன இருந்தா எனக்கு இழுப்பே வராது" என்றாள் கணீரென்று.

தெரு முழுக்கச் சந்தோஷம். ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள்.

"வீட்ல கேளுங்கய்யா, வீட்டுக்குள்ள வெச்சுக் கேளுங்க!" என்று கத்தினேன்.

அவர் எழுந்தார். நல்ல மனுஷன் என்று சொன்னேனே, என் பக்கம் வந்து தணிவாகத்தான் பேசினார். "நீங்க பொய் சொல்லலைம்மா. வீட்டுக்குள்ள தூசி இருக்கும். ஆனா மரம் இப்பத்தானே எழும்புது? இங்க குறைஞ்சது அங்கயும் குறையும். இன்னும் பத்து வருசம் போகட்டும், இந்தத் தெருவே நிழலாயிரும். ஒரு தூசி உள்ள வராது."

"பத்து வருசமாய்யா?"

"மரம்னா அப்படித்தானேம்மா."

"அம்புட்டு நாளுக்கு எம்புள்ள இருக்கமாட்டாய்யா" என்றேன். அவர் குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டினார். காளவாசல் இங்கேயே இருக்கலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். முதலாளி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எல்லாம் உங்க வீட்டுப் பொண்ணு புண்ணியம் சம்பந்தியம்மா" என்றார்.

கூட்டம் கலைந்தது. நான் பேச்சாயியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்மா, நான் நல்லாச் சொன்னேன்ல?"

"நல்லாச் சொன்ன தாயி" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் விசில் சத்தம் ஆரம்பித்துவிட்டது. வெளியே காற்று திரும்ப எடுத்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கே போனேன். வேறு எங்கே போவது?